நிலத்துக்கு முன்னால் வந்த மெழுகு

கலைஞர்களுக்கென்று ஒரு மையம் அமைக்கலாம் என்றாலே பேச்சு இடத்தில்தான் தொடங்குகிறது: எத்தனை ஏக்கர், அரங்கில் எத்தனை பேர் உட்காரலாம், பணம் யார் தருவார்கள் என்று. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமம் இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. அங்கே பிழைப்புக்கான வழி முதலில் வந்தது. அதில் சேர்ந்த பணத்தில் நிலம் வந்தது. காட்சிக்கூடமும் அருங்காட்சியகமும் பிந்தியவை. அது நிலைத்ததற்கு இந்த வரிசையே முதற்காரணம் என்று நினைக்கிறேன்.

கிராமத்தை அமைத்தவர்கள் சென்னைக் கலைப்பள்ளியிலிருந்து வந்தவர்கள். அந்தப் பள்ளியை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர். கைத்தொழில் கற்றுத்தந்த அது பிறகு ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் பேர்போனது. 1957இல் கே.சி.எஸ். பணிக்கர் அதன் முதல்வரானபோது நல்ல ஓவியர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள், வாங்குவோர்தான் இல்லை. படித்து முடித்தவர்கள் ஆசிரியர் வேலைக்கோ நெசவாளர் சேவை மையத்துக்கோ போனார்கள்; தூரிகை ஓய்வுநேரத்துக்கு ஒதுங்கியது. 1960களின் தொடக்கத்தில் பணிக்கரும் மாணவர்களும் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்துப் பாத்திக் துணிகள் செய்து விற்றார்கள். உருக்கிய மெழுகைத் துணியில் தீட்டி, சாயத்தில் முக்கி, மெழுகை நீக்கி, அடுத்த நிறத்துக்கு மறுபடி தீட்ட வேண்டும். மெழுகு விரிசல் விட்ட இடமெல்லாம் சாயம் இறங்கி நரம்புபோல் கோடு ஓடும். கோடு போடத் தெரிந்த கைக்கு ஏற்ற தொழில் அது. அந்த விற்பனையில் கிடைத்ததைச் சேர்த்துத்தான் ஏறத்தாழ 10 ஏக்கர் கடற்கரை மணலை வாங்கினார்கள். கீற்றுக் கொட்டகை போட்டு, மின்சாரம் இல்லாமல் அங்கே குடியேறினார்கள்.

விற்பதற்காகச் செய்கிற பொருள் கலையைக் கெடுக்கும் என்று சொல்வோர் உண்டு. அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. கேட்டதையே திரும்பத் திரும்பச் செய்தால் கை மரத்துப்போகும். ஆனால் பணிக்கர் தம் புகழ்பெற்ற ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தொடங்கியது இதே ஆண்டுகளில்தான். கிராமத்துச் சிற்பி எஸ். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களில் செம்புத் தகடும் பற்றவைப்பும் எனாமலும் அப்படியே தெரிகின்றன. கைவினைப் பட்டறையின் நுட்பம் சிற்பத்துக்கு மொழியாக மாறியது அங்கே.

அன்று நிலம் மலிவு, இன்று அது நடக்காது என்பது இன்னொரு மறுப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இன்றைய விலையைப் பார்த்தால் மறுக்க முடியாது. ஆனால் அன்று மலிவு நிலம் கரை நெடுக இருந்தது. எல்லா இடத்திலும் ஓவியர் கிராமம் முளைக்கவில்லை. சேர்ந்து சம்பாதிக்கவும் வரும் பணத்தில் ஒரு பங்கைப் பொதுவில் வைக்கவும் பழகிய குழு இருந்த இடத்தில்தான் முளைத்தது. இன்று வாடகைக் கட்டடத்தில் தொடங்குகிற மையத்துக்கும் அந்தப் பழக்கம் முன்கூட்டியே வேண்டும்: என்ன செய்து விற்பது, பொதுப் பங்கு எவ்வளவு, கணக்கை யார் பார்ப்பது என்பவை வரைபடம் போடுவதற்கு முன்பே தீர்ந்திருக்க வேண்டியவை.

சோழமண்டலத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். மனைகள் உறுப்பினர்களுக்குப் பிரிந்து வீடுகளாயின. ஓவியருக்கு அது பெரிய பாதுகாப்பு. 1977இல் பணிக்கர் மறைந்த பிறகும் கிராமம் கலையாததற்கு அந்த உரிமை ஒரு காரணம். அதே உரிமையால் அடுத்த தலைமுறை ஓவியர்கள் குடியேற வழி குறுகிவிட்டது. அங்கே 2009இல் திறந்த அருங்காட்சியகம், கலைப்பள்ளியிலிருந்து எழுந்த சென்னை ஓவிய இயக்கத்தை அருமையாகக் காட்டுகிறது. ஆனால் கல்லூரியை விட்டு இன்று வெளியே வருகிற ஓவியருக்கு வேண்டியது வேலை செய்ய ஒரு பட்டறை. புதிய மையத்தின் விதிகளை எழுதுகிறவர்கள், சில பட்டறைகளையாவது யாருக்கும் சொந்தமாக்காமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியவர்களுக்குக் கைமாறும்படி வைக்க வேண்டும்.