பதிவேடும் பயிர்நிலமும்: ஜொகூர் மாநில விளைநிலத் தரவுகள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு விளைபொருள் எந்நிலத்தில் விளைந்தது, யாரால் விளைவிக்கப்பட்டது, எவ்வழியே சந்தையை அடைந்தது என்பவற்றைச் சான்றுடன் காட்டும் முறை இன்று ‘தடமறிதல்’ எனப்படுகின்றது. 2023ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் சட்ட வலுப்பெற்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்பு ஒழுங்குமுறை இச்சொல்லை மலேசியத் தோட்டத்துறையின் அன்றாட வழக்கிற்குக் கொண்டுவந்தது. செம்பனை, ரப்பர் உள்ளிட்ட ஏழு பண்டங்கள் 2020 டிசம்பர் 31ஆம் நாளுக்குப் பின் காடழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்தவை அல்ல என்பதை நிலத்தின் அமைவிடக் குறிப்புடன் மெய்ப்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதனை நடைமுறைப்படுத்தும் நாள் இருமுறை ஒத்திவைக்கப்பட்ட போதிலும், அதற்கான தரவு திரட்டும் பணி தொடங்கிவிட்டது.

இதனைப் புத்தம் புதியதொரு முயற்சியாகக் கருதுவோர் பலர். எனினும், தீபகற்ப மலேசியாவில் செம்பனை மிகுதியாகப் பயிரிடப்படும் மாநிலங்களுள் ஒன்றான ஜொகூரில் நிலத்தையும் விளைச்சலையும் உழைப்பையும் ஏட்டில் பதியும் வழக்கம் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழைமையுடையது. அப்பதிவுகள் யாருக்குப் பயன்பட்டன, யாரை விடுத்தன என்பதை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம்.

ஆற்றின் பெயரால் நிலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜொகூரின் வேளாண்மை ஆறுகளை ஒட்டியே அமைந்தது. ஜொகூர் ஆட்சியாளர் சீனத் தலைவர்களுக்குச் ‘சூராட் சுங்கை’ எனப்பட்ட ஆற்றுப் பத்திரங்களை வழங்கினர். அவற்றைப் பெற்ற ‘கங்சூ’ அவ்வாற்றங்கரையில் கம்பீரும் மிளகும் பயிரிடும் உரிமையை அடைந்தார். கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் ஆகிய ஊர்ப்பெயர்கள் அம்முறையின் எச்சங்களாகும்.

இப்பத்திரங்களில் இடம் சுட்டப்பட்டது. ஆயின் ஒவ்வொரு பயிர்க்காரரின் நிலமும் அளந்து வரையறுக்கப்படவில்லை. கம்பீர் இலையைக் காய்ச்சுவதற்குப் பெருமளவு விறகு தேவைப்பட்டமையாலும், மண்வளம் விரைவில் குன்றியமையாலும் பயிர்க்காரர்கள் காட்டை அழித்துப் புதிய இடங்களுக்குப் பெயர்ந்தனர். அன்றைய ஏடு காட்டின் இழப்பைக் கணக்கில் கொள்ளவில்லை. ஆட்சிக்கு வர வேண்டிய வருவாயையே கருதியது. கங்சூ முறை 1917ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. அதற்குள் ரப்பர் அம்மாநிலத்தில் வேரூன்றிவிட்டது.

‘தர விளைச்சல்’ என்னும் அளவுகோல்

விளைநிலத் தரவு மக்களின் வாழ்வையே தீர்மானித்த முதல் நிகழ்வாக ஸ்டீவன்சன் கட்டுப்பாட்டுத் திட்டத்தைக் குறிப்பிடலாம். ரப்பர் விலை வீழ்ச்சியைத் தடுக்கும் பொருட்டு 1922 நவம்பர் முதல் 1928 அக்டோபர் வரை பிரிட்டிஷ் மலாயாவிலும் இலங்கையிலும் இத்திட்டம் நடைமுறையில் இருந்தது. ஒவ்வொரு நிலத்திற்கும் ஒரு ‘தர விளைச்சல்’ கணிக்கப்பட்டது. தொடக்கத்தில் அதில் 60 விழுக்காட்டையே குறைந்த வரியுடன் ஏற்றுமதி செய்ய இயன்றது.

தர விளைச்சலைக் கணிப்பதற்கு 1920 அக்டோபருடன் முடிந்த ஓராண்டின் உற்பத்தி அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. பெருந்தோட்டங்களிடம் அவ்வாண்டிற்குரிய கணக்கேடுகள் இருந்தன. இரண்டு, மூன்று ஏக்கரில் ரப்பர் வைத்திருந்த மலாய், சீனச் சிறுதோட்டக்காரர்களிடம் எந்த ஏடும் இல்லை. எனவே, மரங்களின் வயதையும் பார்வை மதிப்பீட்டையும் கொண்டு அவர்களது விளைச்சல் ஊகிக்கப்பட்டது. மரங்களை நெருக்கமாக நட்டு மிகுதியாகப் பால் எடுத்த அவர்களின் உண்மை விளைச்சல் அம்மதிப்பீட்டில் குறைத்தே காட்டப்பட்டது.

1934 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த அனைத்துலக ரப்பர் ஒழுங்குமுறை ஒப்பந்தத்திலும் இந்நிலை தொடர்ந்தது. சிறுதோட்டக்காரர்களுக்குக் கூப்பன்கள் வழங்கப்பட்டன; கூப்பனில் குறித்த அளவிற்கு மேல் விளைந்த ரப்பருக்குச் சட்டப்படியான ஏற்றுமதி உரிமை இல்லை. 1946இல் மலாயாவின் சிறுதோட்டங்களை நேரில் ஆராய்ந்த பொருளியல் அறிஞர் பி. டி. பாவர், அவர்களின் விளைச்சல் குறைவாக மதிப்பிடப்பட்டதை 1948இல் வெளிவந்த தம் ஆய்வுகளில் எடுத்துக்காட்டினார். ஏடு உடையவரின் சொல் சான்றாகவும், ஏடு இல்லாதவரின் விளைச்சல் ஊகமாகவும் கொள்ளப்பட்டமை இங்கு நோக்கத்தக்கது.

செக்ரோலில் தமிழர்

நிலவுடைமைப் பதிவுகளில் அரிதாகவே இடம்பெற்ற தமிழர், உழைப்புப் பதிவில் நாள்தோறும் இடம்பெற்றனர். விடியற்காலையில் பெரட்டுக்கு நின்ற தொழிலாளியின் பெயர் கிராணியின் செக்ரோலில் ஏறியது. ஒவ்வொருவர்க்கும் வெட்ட வேண்டிய மரங்கள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. நண்பகலில் பால் நிறுக்கப்பட்டு, அதிலுள்ள உலர்ரப்பரின் அளவு மெட்ரோலேக் கருவியால் கணிக்கப்பட்டது. எந்த நிலப்பிரிவில், எந்த ஆண்டு நட்ட மரங்களில், யார், எவ்வளவு பால் எடுத்தார் என்னும் செய்தி அன்றே தோட்ட அலுவலகத்தில் இருந்தது. இன்று செயற்கைக்கோள் துணையுடன் தேடப்படும் தடத்தினும் நுட்பமான தடம் அதுவெனலாம்.

அத்தரவு தோட்ட நிருவாகத்திற்கும் அரசிற்கும் பயன்பட்டது. 1907இல் மலாயாவில் நிறுவப்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்கு முதலாளிமார் செலுத்த வேண்டிய தொகைகூடத் தொழிலாளர் வேலை செய்த நாள்களின் கணக்கைக் கொண்டே விதிக்கப்பட்டது. ஆனால், அந்த ஏட்டின் படி தொழிலாளியின் கைக்கு வரவில்லை. பல ஆண்டு உழைத்த ஒருவர் தம் உழைப்பிற்குச் சான்று காட்ட வேண்டிய நிலையில், சான்று அலுவலகப் பேழையில் இருந்தது.

இதன் விளைவு 1950களில் வெளிப்பட்டது. பல பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. 1951 முதல் 1960 வரையிலான இத்துண்டாடலை மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அப்துல் அசிஸ் விரிவாக ஆராய்ந்தார். நிலம் கைமாறியபொழுது வேலையையும் குடியிருப்பையும் இழந்தவர்களில் தமிழ்த் தொழிலாளர் மிகுதி. 1960இல் துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் தோன்றிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், செக்ரோலில் மட்டும் இருந்த பெயரை நிலவுடைமைப் பதிவிலும் ஏற்றுவதற்கு மேற்கொள்ளப்பட்ட முயற்சி என்று நாம் கருதுகின்றோம்.

நூறு ஏக்கர் எல்லை

குடியேற்ற ஆட்சிக்காலப் புள்ளிவிவரங்கள் 100 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ளவற்றைத் தோட்டம் என்றும், அதற்குக் குறைந்தவற்றைச் சிறுதோட்டம் என்றும் வகுத்தன. ஸ்டீவன்சன் திட்டமும் ஒழிந்து, நாடும் விடுதலை பெற்ற பின்னரும் இவ்வெல்லை நிலைபெற்றது. இன்று செம்பனைத் துறையில் சிறுதோட்டத்தின் உச்ச வரம்பாகக் கொள்ளப்படும் 40.46 ஹெக்டர் என்பது அந்த 100 ஏக்கரே. அலகு மாறியது, எல்லை மாறவில்லை.

1956இல் அமைக்கப்பட்ட பெல்டா, 1960களின் தொடக்கத்தில் ஜொகூரின் கூலாய் வட்டாரத்துத் தாயிப் அண்டாக் நிலத்திட்டத்தில் செம்பனையைப் பயிரிட்டது. பெல்டா செம்பனைத் திட்டங்களில் ஒரு குடும்பத்திற்கு ஏறத்தாழ 10 ஏக்கர் என்பது பொதுவான அளவு. ஐரோப்பிய ஒழுங்குமுறையோ 4 ஹெக்டருக்கு மேற்பட்ட நிலத்தின் சுற்றெல்லை முழுவதையும் வரைந்து தர வேண்டும் என்கின்றது; அதற்கு உட்பட்ட நிலத்திற்கு ஒரு புள்ளியின் அமைவிடம் போதும். 10 ஏக்கர் என்பது 4.05 ஹெக்டர். எங்கோ வகுக்கப்பட்ட ஓர் எல்லை ஜொகூர்க் குடியேற்றக்காரரின் வேலி ஓரத்தில் வந்து நிற்பதை இதனால் அறியலாம்.

ஆலைவாயிலில் அறுபடும் தடம்

செம்பனைக் குலையை வெட்டிய பின்னர் நீண்ட நேரம் வைத்திருத்தல் இயலாது. எண்ணெயின் தரம் கெடாதிருக்க ஏறத்தாழ ஒரு நாளுக்குள் அது ஆலையை அடைய வேண்டும். சொந்த லாரி இல்லாத சிறுதோட்டக்காரர் தம் குலைகளை உரிமம் பெற்ற வியாபாரியிடம் விற்கின்றார். வியாபாரியின் களத்தில் பலருடைய குலைகள் ஒன்றாகக் கலக்கின்றன. தடம் அறுபடும் இடம் இதுவே. சான்று பெற்ற எண்ணெயும் பெறாத எண்ணெயும் கலந்தாலும் கணக்களவில் சரிக்கட்டிக்கொள்ளும் முறையைச் சில சான்றிதழ் ஏற்பாடுகள் ஏற்றன. புதிய ஒழுங்குமுறையில் அதற்கு இடமில்லை.

மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமமும், 2020 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்ட மலேசிய நீடித்த செம்பனை எண்ணெய்ச் சான்றிதழும் இத்தடத்தை இணைப்பதற்கான உள்நாட்டு ஏற்பாடுகளாகும். இவை பயனுடையவை என்பதில் ஐயமில்லை. எனினும், நிலப்பட்டாவில் இறந்த தந்தையின் பெயர் நீடிக்கும் குடும்பமும், வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவரும் ஏட்டுக்குள் வருவதற்கு என்ன வழி என்ற கேள்வி எஞ்சுகின்றது. 1922இல் ஏடு இல்லாதவரின் விளைச்சல் குறைத்து மதிப்பிடப்பட்டது. இன்று ஏடு இல்லாதவரின் விளைச்சல் சந்தைக்கே புறம்பாகிவிடக் கூடும்.

மற்றொன்றும் உண்டு. அமைவிடக் குறிப்பு குலை விளைந்த இடத்தைக் காட்டும்; அதனை வெட்டியவரைக் காட்டாது. உற்பத்தி நாட்டின் தொழிலாளர் சட்டங்களைப் பின்பற்ற வேண்டும் என ஒழுங்குமுறை விதிக்கின்றதெனினும், வரைபடத்தைப்போல் எளிதில் சரிபார்க்கத்தக்க சான்று அதற்கில்லை. தமிழர் நின்ற நிரைகளில் இன்று பெரும்பாலும் அயல்நாட்டுத் தொழிலாளர் நிற்கின்றனர். அவர்களின் வேலைநாள் கணக்கும் அலுவலகத்தில் மட்டுமே தங்குமாயின் பழைய வரலாறு மீளும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் ஒன்று தெளிவாகின்றது. ஜொகூரில் விளைநிலத் தரவு எக்காலத்தும் இல்லாமற் போகவில்லை. அது விளைவித்தவரின் கையில் இல்லாமற் போனது. ஆகவே, இன்று திரட்டப்படும் நில வரைபடத்தின் படி பயிரிடுவோர்க்கு அவர்தம் மொழியில் வழங்கப்பட வேண்டும். பிழை இருப்பின் முறையிட்டுத் திருத்தும் வழியும் வேண்டும். உழைப்போரின் நாள்கணக்கும் அவ்வாறே அவர்களிடம் சேர வேண்டும்.

நம் துறையினர்க்கும் தமிழாசிரியர்க்கும் உரிய கடமையும் ஒன்றுண்டு. தோட்டங்கள் மூடப்படும்பொழுதும் பள்ளிகள் இடம்பெயரும்பொழுதும் செக்ரோல்களும், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளும், தோட்ட வரைபடங்களும் பழந்தாளாகக் கழிக்கப்படுகின்றன. நிலமற்றிருந்த ஒரு சமூகம் இம்மண்ணில் எங்கே, எத்தனை நாள் உழைத்தது என்பதற்கு அவையே சான்றுகள். அவற்றைப் படியெடுத்துப் பாதுகாக்கும் பணியை அவ்வவ் வட்டாரப் பள்ளிகளிலிருந்தே தொடங்கலாம்.