திரை விழுந்த பின்



நாடகம் முடிந்தபின், மேடையில் நின்ற அரண்மனை எங்கே போகிறது? இவ்வினாவைக் கேட்க நான் காலங்கடந்தே கற்றேன். தலைமையாசிரியனாக இருந்தபோது, ஆண்டு விழா ஒன்றிற்குத் தெர்மகோல் தகடுகளால் அழகியதோர் அரண்மனை சமைத்தோம். இரண்டு மணி நேரமே அது நின்றது. மறுநாள் மைதானத்து மூலையில் அதனைக் கொளுத்தச் சொன்னவன் நானே. கரும்புகை வகுப்பறைகளுள் புகுந்தது, பிள்ளைகள் இருமினர். அப்பிழையே பழைய அரங்குகளின் வரலாற்றை நாடுமாறு என்னைத் தூண்டியது.

மணவூரும் திருத்தணியும் அமைந்த எங்கள் தொண்டை மண்டலம் தெருக்கூத்துத் தழைத்த நிலம். கூத்திற்குக் காட்சி ஜோடனை இல்லை. இருவர் பிடிக்கும் திரையே வாயில். ஒரு பலகையே அரியணை. ‘கட்டை’ எனப்படும் முடியும் புயவணியும் மார்பணியும் கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கப்பட்டவை. பதித்த கண்ணாடி உதிர்ந்தால் மீண்டும் ஒட்டுவர். நிறம் மங்கினால் மீண்டும் தீட்டுவர். தந்தை அணிந்த முடியை மகனும் அணிவதுண்டு. திரௌபதி அம்மன் விழாவின் படுகளத்திலோ, துரியோதனனின் பேருருவத்தை ஊர் மண்ணாலேயே தரையில் அமைப்பர். விழா முடிந்ததும் அது மீண்டும் மண்ணாகிவிடும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்களின் வரவால் ஓவியத் திரைகள் பரவின. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை நிறுவினார்; 1925இல் டி.கே.எஸ். சகோதரர்கள் தம் குழுவைத் தொடங்கினர். ஊர் ஊராகச் சென்ற நாடகக் கம்பெனிகள் தர்பார், தெரு, காடு, சிறை என்ற திரைகளைச் சுருட்டி ரயிலில் ஏற்றிச் சென்றன. வள்ளிக்குக் காடாக இருந்த திரையே மறுநாள் நளனுக்கும் காடாயிற்று. சுமந்து செல்ல வேண்டிய பொருளைக் கண்டபடி பெருக்க எவர் துணிவர்? பயணமே அவர்களுக்குச் சிக்கனம் கற்பித்தது. நாடகத்திற்கொரு தனி ஜோடனை என்ற வழக்கமும், மலிவான தெர்மகோலும் வந்தபின் அக்கட்டுப்பாடு தளர்ந்தது.

பழையன யாவும் தூயன என்று கொள்ளற்க. ஒப்பனைக்கே பெயர் தந்த அரிதாரம், நஞ்சாகிய ஆர்சனிக் கலந்த தாதுப்பொருள். அதனை விடுத்தல் நன்று; கட்டையைப் பேணிய கருத்தைக் கொள்ளுதல் நன்று.

2021இல் பிரிட்டனின் நாடகத் துறையினர் ‘தியேட்டர் கிரீன் புக்’ என்னும் வழிகாட்டி நூலை வெளியிட்டனர். ஒரு நாடகத்திற்கான பொருள்களில் பாதியேனும் முன்பே பயன்பட்டவையாக இருத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை விதிகளுள் ஒன்று. கட்டையைப் பெட்டியில் வைத்துக் காத்த நம் கூத்தருக்கு அவ்விதி புதிதாய்த் தோன்றியிராது.

மாணவர்களே, அடுத்த ஆண்டு விழாவிற்கு முதல் ஆணி அடிக்குமுன் ஒரு தாளில் இரண்டு கேள்விகளை எழுதுங்கள்: இப்பொருள் எங்கிருந்து வந்தது? திரை விழுந்தபின் எங்கே செல்லும்? இரண்டாவதற்கு விடை இல்லையெனில், ஆணியைக் கீழே வைத்துவிடுங்கள். நான் அன்று அவ்வாறு செய்திருக்க வேண்டும்.