வலி வர வைப்பதும், வரட்டும் என்று காத்திருப்பதும்



மாசமாக இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் போனில் கேட்பது ஒரே கேள்விதான். "டீச்சர், டாக்டர் சொன்ன தேதி நெருங்கிருச்சு, இன்னும் வலி வரல. என்ன சாப்பிட்டா வரும்?" நான் வரலாறு நடத்தியவள், மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கும் நீண்ட வரலாறு உண்டு.

பிறக்கும் நேரத்தை நாம் முடிவு செய்யும் ஆசை புதிதல்ல. பெரிய புராணத்தில் கோச்செங்கட் சோழன் கதை வருகிறது. ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் பிள்ளை மூவுலகும் ஆள்வான் என்று சோதிடர் சொல்ல, தாய் கமலவதி தன்னைத் தலைகீழாகக் கட்டச் சொன்னாள். பிள்ளை தாமதித்துச் சிவந்த கண்ணோடு பிறந்தான். தாய் பிழைக்கவில்லை. அன்று தள்ளிப் போட்டார்கள்; இன்று நல்ல நேரம் பார்த்து முன்கூட்டியே ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கிறார்கள். ஆசை ஒன்றுதான்.

திருச்சி தாயுமானவர் கதை வேறு வகை. காவிரி வெள்ளத்தில் தாய் வர முடியாமல் போக, இரத்தினாவதிக்குச் சிவனே தாய் வடிவில் வந்து பேறுகாலம் பார்த்தார் என்பது தலபுராணம். பேறுகாலத்தில் பெண்ணுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்பது அந்தக் கதையின் உட்கரு. தைரியம் சொல்ல ஒரு துணை கூடவே இருந்தால் சுகப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது என்று இன்றைய ஆய்வுகளும் சொல்கின்றன. நம் அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிப்பது இதனால்தான்.

திருத்தங்கலில் என் அம்மா காலத்தில் பேறுகாலம் வீட்டில்தான். மருத்துவச்சி வந்ததும் முதலில் சீரகக் கஷாயம் கொடுப்பார். சூட்டு வலி என்றால் அடங்கிவிடும். நிஜ வலி என்றால் கூடும் என்பது கணக்கு. வலியைக் கிளப்ப விளக்கெண்ணெய் கொடுப்பதும் உண்டு. இது வெறும் நம்பிக்கை அல்ல. விளக்கெண்ணெயில் உள்ள ரிசினோலிக் அமிலம் குடலையும் கருப்பையையும் எப்படிச் சுருங்க வைக்கிறது என்பதை 2012-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் எலிகளில் கண்டறிந்தார்கள். ஆனால் அது வயிற்றைக் கலக்கி, வாந்தி, பேதியில் உடம்பை வற்ற வைத்துவிடும். பாட்டி சொன்னார் என்று யாரும் வீட்டில் குடிக்க வேண்டாம்.

மருத்துவமனையில் வலிக்கு ஏற்றும் டிரிப்ஸ் வந்த கதையைப் பாருங்கள். 1906-ல் இங்கிலாந்தின் ஹென்றி டேல், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருக்குவதைக் கண்டார். அதிலுள்ள ஆக்சிடோசினை 1953-ல் ஆய்வகத்திலேயே உருவாக்கிய அமெரிக்கர் வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955-ல் நோபல் பரிசு கிடைத்தது. கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்கு விரைவான பிறப்பு என்று பொருள்.

ஆனால் வலியைத் தொடங்கி வைப்பது யார்? 1960-களில் நியூசிலாந்து மருத்துவர் கிரஹாம் லிக்கின்ஸ் செம்மறியாடுகளை ஆராய்ந்தார். வயிற்றிலுள்ள குட்டியின் உடலில் சுரக்கும் கார்டிசோல்தான் பிரசவத்தைத் தொடங்குகிறது என்று கண்டார். மனிதரில் இது இன்னும் சிக்கலானது; ஆனாலும் பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு. குறைமாதப் பிள்ளையின் நுரையீரலைப் பலப்படுத்த இன்று தாய்க்குப் போடும் ஊசி அந்த ஆட்டு ஆராய்ச்சியில் பிறந்ததே.

நம் மாநிலம் இதில் வெகுதூரம் வந்திருக்கிறது. சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-ல் தொடங்கியது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில்தான். பெருமைதான். அதே கணக்கெடுப்பில் அறுவை சிகிச்சைப் பிரசவம் 44.9 சதவீதம், முந்தைய கணக்கெடுப்பில் 34.1. தேவைப்பட்டவருக்கு அது உயிர் காக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் காரணமில்லாமல் 39 வாரத்துக்கு முன்பே எடுத்தால் பிள்ளைக்கு மூச்சுத் திணறல் வர வாய்ப்பு கூடும்.

டாக்டர் சொல்லும் தேதி ஒரு கணக்குதான். சரியாக அந்த நாளில் பிறப்பது நூற்றுக்கு ஐந்து பிள்ளைகூட இருக்காது. தாயும் சேயும் நலமென்றால் காத்திருக்கலாம். 41 வாரம் முடிந்தும் வலி வராவிட்டால் வர வைக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இருந்தால் டாக்டர் முன்பே முடிவு செய்வார், தடுக்காதீர்கள். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ, ராகுகாலம் பார்க்காமல் உடனே கிளம்புங்கள்.

தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் நிறைமாதத்தில் வேலைக்குப் போகிற பெண்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை செய்தால்தான் சுகப்பிரசவம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மெல்ல நடப்பது நல்லது. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து மருந்துத் தூசியைச் சுவாசிப்பது நடையாகாது. பேறுகாலச் சலுகைக்கு 1961 முதலே சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

மாமியார்மாரே, "இன்னும் வலி வரலையா?" என்று தினமும் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளைக்குப் பயம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேறுகாலத்தில் என்ன செய்தார்கள்? கேட்டுக் கீழே எழுதுங்கள்.