எண்ணும் பெயரும்



நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் ஆண்டுத் தேர்வு வினாத்தாள் ஒன்றில் நேர்ந்த பிழை இன்றும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. '6ஆம் வினாவிற் கண்ட முக்கோணத்தைக் கொண்டு விடை எழுதுக' என்பது கணக்குத்தாளின் கடைசி வினா. மெய்ப்புத்தாள் வந்தபின் நானே தொடக்கத்தில் ஒரு வினாவைச் சேர்த்தேன். அச்சுக்கோப்பவர் வரிசை எண்களையெல்லாம் முறையாக மாற்றிவிட்டார். வாக்கியத்தினுள்ளே கிடந்த 6 மட்டும் 6ஆகவே நின்றது. முக்கோணமோ 7ஆம் வினாவுக்குப் போய்விட்டது. இல்லாத முக்கோணத்தைத் தேடிப் பொழுதிழந்த மாணவர்களை எண்ணினால் இன்றும் மனம் கூசுகிறது.

நூலின் ஓரிடத்தை எண்ணாற் சுட்டுவது எளிய செயல் போலத் தோன்றும். ஆனால் கையால் நூல்களைப் படியெடுத்த நாளில், ஒருவர் படியில் 40ஆம் ஏட்டில் இருப்பது மற்றொருவர் படியில் 52ஆம் ஏட்டில் இருக்கும். ஏட்டெண் யாருக்கும் பொதுவாகாது. ஆகவே நூலையே பகுத்து எண்ணிட வேண்டியதாயிற்று. விவிலியத்தில் இன்று வழங்கும் அதிகாரப் பிரிவுகளை, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரிசு நகரில் ஆசிரியராயிருந்த ஸ்டீவன் லாங்டன் வகுத்தார் என்பர். புதிய ஏற்பாட்டின் வசன எண்களை இட்டவர் அச்சகத்தார் ஒருவர்: இராபர்ட் எஸ்தியென். 1551இல் அவர் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில் அவ்வெண்கள் வந்தன. பாரிசிலிருந்து லியோனுக்குக் குதிரைமீது சென்ற வழியில் தந்தை இப்பகுப்பைச் செய்தார் என்று அவர் மகன் ஆன்றி எழுதிவைத்தார். பொருந்தாத இடத்தில் வசனம் முறியுமிடமெல்லாம் குதிரை துள்ளிய இடமே என்று பிற்காலத்தார் நகையாடினர்! அம்மகன் 1578இல் பதிப்பித்த பிளேட்டோவின் பக்க எண்களைக் கொண்டே இன்றும் அறிஞர் அந்நூல்களை மேற்கோள் காட்டுகின்றனர்.

இவ்வெண்கள் நிலைத்தன. ஏன்? நூல்கள் எழுதி முடிந்துவிட்டவை. இனி ஒரு வரி சேரவும் குறையவும் வழியில்லை. எழுதிக்கொண்டே இருக்கும் நூலுக்கோ என் வினாத்தாளின் கதிதான்.

இதற்கு ஒரு வழி கணிப்பொறியால் வந்தது. 1977இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டோனால்ட் குனூத், தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த மெய்ப்பின் அழகின்மை கண்டு மனம் வருந்தி, 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு முறையைத் தாமே உருவாக்கத் தொடங்கினார். அதன்மீது 1980களின் தொடக்கத்தில் லெஸ்லி லாம்போர்ட் 'லேடெக்' என்பதைக் கட்டினார். இதில் எழுதுபவர் எண்ணை எழுதுவதே இல்லை. 'இது பட்டியலின் ஓர் உறுப்பு' என்று மட்டும் சொல்வார். எண்ணுவது பொறியின் வேலை. பட்டியலுக்குள் பட்டியலாக நான்கு அடுக்குவரை செல்லலாம்: முதலடுக்குக்கு 1, 2 எனவும், அடுத்ததற்கு அடைப்புக்குறிக்குள் ஆங்கிலச் சிற்றெழுத்தும், பின்னர்ச் சிறிய ரோம எண்ணும், நான்காவதற்குப் பேரெழுத்தும் தாமே அமையும். விரும்புவோர் இவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

அதினும் சிறந்தது அடையாளப் பெயர். என் வினாவுக்கு 'முக்கோணம்' என்று பெயரிட்டு, பிற இடத்தில் அப்பெயரையே குறித்தால் போதும். பொறி முதன்முறை நூலைக் கோக்கும்போது, இன்ன பெயருக்கு இன்ன எண் என்று ஒரு துணைக்கோப்பில் எழுதிவைக்கும். மறுமுறை கோக்கும்போது அதைப் பார்த்து உரிய எண்ணை இடும். முன்னே ஒரு வினா நுழைந்தால் எண் மாறும், பெயர் மாறாது. ஒரு முறை மட்டும் கோத்தால், எண் நிற்கவேண்டிய இடத்தில் இரண்டு வினாக்குறிகள் நிற்கும். எண்கள் இடம் மாறியிருந்தால், 'மீண்டும் ஒருமுறை கோக்க' என்று பொறியே எச்சரிக்கும்.

என் வினாத்தாளில் அந்த இரண்டு வினாக்குறிகள் நின்றிருந்தால், அச்சேறுமுன் என் கண்ணில் பட்டிருக்கும்.