போதைப்பொருள் கடத்தல் தண்டனைகள் (இந்தியா)

இந்தியாவில் போதைப்பொருள் கடத்தலுக்கான தண்டனைகளை வரையறுப்பது 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம். வழக்கு மன்றங்களில் என்.டி.பி.எஸ். என்பார்கள். அதற்கு முன்பு நடைமுறையில் இருந்த 1930ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அதிகபட்சம் 3 ஆண்டுச் சிறைதான். புதிய சட்டம் பெரும்பாலான கடத்தல் குற்றங்களுக்குக் குறைந்தபட்சத்தையே 10 ஆண்டாக்கியது. மேல் வரம்பு 20 ஆண்டு.

1989இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் பிடியை மேலும் இறுக்கியது. ஹெராயின் 1 கிலோ, அபின் 10 கிலோ போன்ற அளவுகளில் மீண்டும் கடத்தித் தண்டனை பெறுபவருக்குத் தூக்கு கட்டாயமானது. 2011இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தக் கட்டாயத்தை அகற்றி, முடிவை நீதிபதியிடம் விட்டது. 2014 திருத்தம் மாற்றாக 30 ஆண்டுச் சிறையைச் சேர்த்தது.

கடுமையில் ஒரு கோணலும் இருந்தது. சொந்த உபயோகத்துக்கு என்று நிரூபிக்க முடியாவிட்டால், சில கிராம் ஹெராயினுடன் சிக்கியவருக்கும் கிலோக் கணக்கில் கடத்தியவருக்கும் அதே 10 ஆண்டுதான். 2001 திருத்தம் இதைச் சரிசெய்து, தண்டனையை எடையோடு இணைத்தது. கஞ்சாவுக்கு 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். அதனால் கஞ்சா வழக்கில் தராசு முக்கியச் சாட்சியாகிவிடுகிறது. பூக்கும் நுனி இல்லாத தனி இலையும் விதையும் சட்டப்படி கஞ்சா அல்ல. பிடிபட்ட மூட்டையில் என்ன இருந்தது, எதை நிறுத்தார்கள் என்பதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் துருவுவது இதனால்தான். 20 கிலோ 100 கிராம் என்றால் குறைந்தது 10 ஆண்டு. 19 கிலோ 900 கிராம் என்றால் குறைந்தபட்சமே கிடையாது.

தண்டனையைவிடக் கடுமையானது 37ஆம் பிரிவு. வணிக அளவு வழக்கில், குற்றவாளி அல்ல என்று நம்ப முகாந்திரம் இருப்பதாக நீதிபதி கருதினாலொழிய ஜாமீன் இல்லை. தீர்ப்புக்கு முன்பே சிறைவாசம் ஆண்டுக்கணக்கில் நீளக்கூடும். தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டமும் போதைப்பொருள் குற்றவாளிகள் மீது பாய்கிறது.

இவ்வளவு கடுமையான சட்டத்தை எழுதியவர்களின் கவனம் அவ்வளவு கறாராக இல்லை. 2014 திருத்தத்தில் உட்பிரிவுகளின் வரிசை மாற, கடத்தலுக்குப் பணம் கொடுப்போரைத் தண்டிக்கும் 27ஏ பிரிவு பழைய எண்ணையே சுட்டிக்கொண்டு நின்றது. திரிபுரா உயர் நீதிமன்றம் எடுத்துச் சொன்ன பிறகு, 2021 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் முன்தேதியிட்டு அதைத் திருத்தியது.