எண்ணெய்ப் படலத்தின் கீழ்: பம்பாய்க் கிணறுகளும் கொசுப்புழுவின் மூச்சும்

தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் மும்பைத் தமிழின் சொற்களைத் திரட்டிக்கொண்டிருந்த ஒரு மழைக்காலத்தில், கொசுப்புழு பார்க்க வந்த ஊழியர் ஒருவர் வாசல்தோறும் நின்ற நீல டிரம்களில் டார்ச் அடித்துக்கொண்டே போனார். ஒன்றில் புழு நெளிந்தது. நீரைக் கொட்டிவிடச் சொன்னார். எனக்குச் சொற்கள் தந்துகொண்டிருந்த அம்மா, "விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சுப் புடிச்ச தண்ணி தம்பி" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னே நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு ஒன்று இருப்பதை, வேறொரு தேவைக்காகப் பழைய பம்பாயின் மலேரியா வரலாற்றைப் படித்தபோதுதான் அறிந்தேன்.

பூச்சி மூச்சுவிடுகிறதா என்பதே நெடுங்காலம் தீராத கேள்வி. பூச்சிகள் சுவாசிப்பதில்லை என்று அரிஸ்டாட்டில் கருதினார். எண்ணெய் பூசினால் அவை இறந்துபோகும் என்பதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். இரண்டையும் அவர் இணைத்துப் பார்க்கவில்லை. தொல்காப்பிய மரபியலோ சிதலையும் எறும்பையும் மூவறிவுயிராக வகுத்து, மூக்கறிவை அவற்றுக்கு உரியதாக்குகிறது. அங்கே மூக்கு மோப்பத்துக்கு உரியது, மூச்சுக்கு அன்று. இதைக் கொண்டு 'தமிழர் அன்றே அறிந்தனர்' என்று எழுத முற்படும் நண்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். 1669இல் வெளிவந்த பட்டுப்புழு ஆய்வில், உடலின் இருமருங்கும் உள்ள துளைகளிலிருந்து காற்றுக் குழல்கள் உள்ளே கிளைத்துச் செல்வதை மால்பிகி காட்டினார். அத்துளைகளை எண்ணெயால் அடைத்தபோது புழு இறந்தது. அரிஸ்டாட்டில் விட்ட கண்ணி அங்கே பொருந்தியது.

நம் உடலில் உயிர்வளியைச் சுமப்பது குருதி. பெரும்பாலான பூச்சிகளில் குருதிக்கு அந்தப் பொறுப்பு இல்லை. குழல்கள் மேன்மேலும் நுணுகி, ஒரு மைக்ரானுக்கும் குறைந்த விட்டமுடைய நுண்குழல்களாகித் தசை இழைகள் வரை காற்றையே கொண்டு சேர்க்கின்றன. நீரில் பரவுவதைவிடக் காற்றில் உயிர்வளி ஏறத்தாழ 10,000 மடங்கு விரைவாகப் பரவும். ஆகவே சிறிய உடலுக்குப் பரவல் ஒன்றே பெரிதும் போதும் என்று 1920இல் டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக் கணக்கிட்டுக் காட்டினார்.

கொசுப்புழு நீரில் வாழ்ந்தாலும் காற்றைத்தான் நம்பியிருக்கிறது. கியூலெக்ஸ், ஏடிஸ் புழுக்கள் வாற்புறத்தில் ஒரு மூச்சுக்குழலை நீட்டி, தலைகீழாக நீர்ப்பரப்பில் தொங்குகின்றன. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் புழுவுக்கு அக்குழல் இல்லை. நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்தே மூச்சுவிடும். களப்பணியாளர் வெறுங்கண்ணால் இனம் பிரிப்பது இந்தக் கிடப்பைக் கொண்டுதான். துளையைச் சுற்றியுள்ள நீர் ஒட்டாத பகுதிகளும் நீரின் பரப்பு இழுவிசையும் சேர்ந்து புழுவைத் தாங்குகின்றன. எண்ணெய் ஊற்றினால் அந்த இழுவிசை குன்றும், எண்ணெய் குழலுக்குள் புகும், புழு சாகும். மூச்சடைப்பு மட்டுமன்றி மண்ணெண்ணெயின் நச்சும் அதற்குக் காரணம்.

1892இல் அமெரிக்காவின் லேலண்டு ஹோவர்டு குளமொன்றில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சோதித்தார். 1897 ஆகஸ்டில் செகந்திராபாதில் ரொனால்டு ராஸ் மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்ட பிறகு, அந்த எண்ணெய் பேரரசுகளின் ஆயுதமாயிற்று. பனாமாக் கால்வாயின் குட்டைகளிலும் சாக்கடைகளிலும் அது ஓடியது.

பம்பாயில் அது தடுமாறியது. 1911இல் வெளியான சி. ஏ. பென்ட்லியின் அறிக்கை, நகரின் மலேரியாவுக்குக் காரணம் அனோபிலிஸ் ஸ்டீபென்சை என்றது. 1901இல் லிஸ்டன் விவரித்த இனம் அது. சேற்றுக்குட்டையை விட்டுவிட்டுக் கிணற்றையும் வீட்டுத் தொட்டியையும் நாடும் கொசு. விகார் ஏரியிலிருந்து 1860இலும் தான்சாவிலிருந்து 1892இலும் குழாய்நீர் வந்துவிட்டபோதிலும், குடிக்கவும் வழிபடவும் கிணறுகள் வேண்டியிருந்தன. குடிநீரில் மண்ணெண்ணெய் ஊற்ற முடியாது. மூடிவிடுங்கள் என்றது நகராட்சி. பார்சிகளுக்குச் சடங்கு நீர் வெயில் படும் கிணற்றிலிருந்து வர வேண்டும். இந்துக்களும் சமணர்களும் தத்தம் காரணங்களைச் சொன்னார்கள். கம்பிவலை பொருத்திய மூடி என்ற சமரசம் இந்த இழுபறியில் பிறந்தது. காற்றும் ஒளியும் போகும், கொசு போகாது. சர்ச்கேட் அருகே 1725இல் தோண்டப்பட்ட பீக்கா பேராம் கிணறு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

எண்ணெய்க்கு வசப்படாத வேறொரு கொசுவும் உண்டு. மான்சோனியாவின் புழு மேலே வருவதே இல்லை. தன் குழலை நீர்த்தாவரத்தின் வேரில் குத்தி, அதனுள் இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். திருவிதாங்கூரின் யானைக்கால் நோயை 1930களில் ஆராய்ந்த எம். ஓ. டி. ஐயங்கார் இதனை நன்கறிந்தவர். அங்கே சேர்த்தலைப் பகுதியின் குளங்களில் ஆகாயத்தாமரையை அள்ளி எறிவதே வழியாயிற்று. வானத்தின் பெயர் தாங்கிய செடி ஒரு புழுவுக்குக் காற்றூட்டியது என்பதை மொழியியல் மாணவனாகிய என்னால் குறிப்பிடாமல் கடக்க முடியவில்லை.

பம்பாய் வரலாற்றில் என்னை உறுத்துவது வேறொன்று. கிணற்றுக்காக வாதாடியவர்களுக்குச் சங்கங்களும் வழக்கறிஞர்களும் செய்தித்தாள்களும் இருந்தன; அதனால் வலைமூடி கிடைத்தது. மாட்டுங்காவை இம்புரூவ்மெண்ட் டிரஸ்ட் தெருத்தெருவாகத் திட்டமிட்டு அமைத்தது. அதற்கு மிக அருகே, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் குடியேறிய தாராவிக்கு அப்படியொரு திட்டம் வாய்க்கவில்லை. குழாயில் நீர் சில மணி நேரமே வரும் இடத்தில் டிரம் வைப்பது பழக்கக் குறைபாடு அன்று. அது நீர் வழங்கும் முறையின் நேர்விளைவு. கொசு வளர்வதற்கு இடந்தரும் தேக்கத்தைக் குற்றமாகக் காணும் சட்டம், தேக்கி வைக்கச் செய்யும் குழாயின் நேர அட்டவணையைக் காண்பதில்லை.

அன்று அந்த அம்மா நீரைக் கொட்டவில்லை. ஊழியர் அடுத்த வாசலுக்கு நகர்ந்ததும், பழைய வேட்டியை இரண்டாக மடித்து வேறொரு டிரம்மின் வாயில் கட்டி, குடம் குடமாக மொண்டு வடிகட்டினார். துணியில் தங்கிய புழுக்களை வெயிலில் உதறினார். ஏடிஸ் முட்டைகள் டிரம்மின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு ஈரமின்றி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று நான் சொன்னேன். "கழுவுறதுக்குத் தண்ணி?" என்று கேட்டார்.