மானுக்கு எந்தத் தோட்டா? – பெங்களூர் வேட்டை வரலாற்றில் ஒரு பக்கம்

அகப்பொருள் துறைகளில் ‘கலைமான் வினாதல்’ என்று ஒன்று உண்டு. திருக்கோவையார் படித்த அன்பர்கள் அறிவார்கள். தினைப்புனத்தில் தலைவியும் தோழியும் நிற்க, தலைவன் வந்து, அம்பு பட்ட கலைமான் ஒன்று இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்பான். பேச்சைத் தொடங்க அது ஒரு சாக்கு. மான் என்ன ஆயிற்று என்று அவனும் கவலைப்படுவதில்லை, நாமும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை நிஜமாகவே ஒருவர் கேட்டு நான் பார்த்திருக்கிறேன். 1964ஆம் ஆண்டு, எனக்குப் பத்து வயது. அல்சூரில் இருந்த என் தாய்மாமாவிடம் இரட்டைக் குழல் ‘பன்னெண்டு போர்’ துப்பாக்கியும் வேட்டை லைசென்சும் இருந்தன. ஜவளகிரிக் காட்டுக்கு (அப்போது சேலம் மாவட்டம்) என்னையும் அழைத்துப் போனார். எழுபது எட்டில் நின்ற புள்ளிமான் மீது ரவைத் தோட்டாவைச் சுட்டார். மான் விழவில்லை, ஒரு கால் தொங்க ஓடிற்று. இருட்டும்வரை தேடினோம். மறுநாள் விறகு பொறுக்க வந்த பாட்டியிடம், "கால் ஒடிஞ்ச மான் இந்தப் பக்கம் போச்சாம்மா?" என்று மாமா கேட்டார். "போச்சு சாமி, தண்ணிக்குப் போச்சு" என்றார் அவர். ஓடைக்கரையில் ரத்தம் இருந்தது. மான் கிடைக்கவில்லை. ஊர் திரும்பும்வரை மாமா ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கே தவறு நடந்தது என்று விளங்க எனக்கு இருபது வருடம் ஆயிற்று. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை நுழையும் குழலே பன்னிரண்டு போர். அந்த அகலக் குழலிலிருந்து கிளம்பும் ரவை, தொலைவு கூடக் கூடச் சிதறும். முப்பது எட்டுக்குள் கொல்லும். எழுபதில் காலில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று பட்டு மானை முடமாக்கும். ரைபிளின் ஒற்றைக் குண்டு அப்படியல்ல. முன்னங்காலுக்குச் சற்றே பின்னால், நெஞ்சில் போய் நுரையீரலைக் கிழித்தால் மான் நாலு பாய்ச்சலில் விழும்.

சரி, எந்த ரைபிள்? பெங்களூரில் வேட்டை என்றாலே கென்னத் ஆண்டர்சன் (1910–1974) பெயர்தான் வரும். இன்றைய எச்.ஏ.எல். ஆகிய விமானத் தொழிற்சாலையில் பணிபுரிந்தவர். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று நம் தமிழ்க் காடுகளை 1954 முதல் ஆங்கிலப் புத்தகங்களில் ஏற்றியவர். அவர் கையில் இருந்தது 405 வின்செஸ்டர். குழல் விட்டம் சுமார் 10 மில்லிமீட்டர், குண்டு 300 கிரெயின், அதாவது ஏறக்குறைய 19 கிராம். ஆட்கொல்லிப் புலிக்கு அது தகும். 200 கிலோவுக்கு மேல் நிற்கும் கடமானுக்கும் தகும். எண்பது கிலோ புள்ளிமானுக்கு அவ்வளவு தேவையில்லை. வடக்கே ஜிம் கார்பெட்டுக்கு, 1907இல் சம்பாவத் புலியைக் கொன்றதற்காகக் கிடைத்த 275 ரிக்பியின் விட்டம் 7 மில்லிமீட்டர்தான். மானுக்கு அது தாராளம். மறுகோடியில், தோட்டத்து முயலுக்கான ‘டூ-டூ’ ரைபிளால் மானைச் சுடுவது பாவம். இரண்டரை கிராம் குண்டு அது.

ஆனால் விட்டத்தைவிடக் குண்டின் மூக்கே முக்கியம். செம்புக் கவசம் முழுக்க மூடிய ராணுவக் குண்டு ஊசி மாதிரி உள்ளே போய் வெளியே வந்துவிடும். 1895இல் சித்ரால் சண்டையில் 303 குண்டு எதிரியை நிறுத்தவில்லை என்று பிரிட்டிஷ் படையினர் குறைபட்டார்கள். உடனே கல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதசாலையில் மூக்கில் ஈயம் தெரியும்படி குண்டு செய்தார்கள். உடம்புக்குள் அது காளானாய் விரியும். கொடுமை என்று உலகம் கூச்சலிட்டது. 1899இல் தி ஹேக் மாநாடு போரில் இதற்குத் தடை சொன்னது. பிரிட்டன் 1907இல்தான் இணங்கிற்று. வேடிக்கை பாருங்கள்: அதே பிரிட்டனின் 1963ஆம் ஆண்டு மான் சட்டம், மானைச் சுட இந்த மென்மூக்குக் குண்டுதான் வேண்டும், விட்டம் 0.240 அங்குலத்துக்கும் விசை 1,700 அடி-பவுண்டுக்கும் குறையக்கூடாது என்று கட்டளையிட்டது. காயம்பட்ட சிப்பாய்க்கு ஆஸ்பத்திரி உண்டு. மானுக்கு ஏது?

நம் நாட்டில் கேலிபரைத் தீர்மானித்தது மானின் வலி அல்ல, சர்க்காரின் பயம். ராணுவத் தோட்டா குடிமக்கள் கையில் சேர்ந்தால் கலகக்காரருக்குப் போய்விடும் என்று அஞ்சி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 450 விட்டத் துப்பாக்கிகள் இந்தியாவுக்குள் வருவதைத் தடுத்தார்கள். 303 சுதந்திரத்துக்குப் பிறகும் விலக்கப்பட்ட ரகம்தான். இஷாப்பூர் தொழிற்சாலையின் 315 ரைபிள் மானுக்குப் போதுமானதே. ஆனால் என் மாமா மாதிரி சம்பளக்காரருக்கு ரைபிளும் அதற்கான லைசென்சும் எட்டாக்கனி. பன்னெண்டு போர்தான் கையில் கிடைத்தது. காடும் மானும் பக்கத்தில். தகுந்த ஆயுதம் மட்டும் தூரத்தில்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை அடியோடு நிறுத்திவிட்டது என்றே பலரும் நினைக்கிறோம். அப்படியில்லை. புள்ளிமானையும் கடமானையும் அது ‘பெரிய வேட்டை விலங்கு’ப் பட்டியலில் வைத்து, லைசென்சோடு சுட இடம் விட்டது. 1991 திருத்தம்தான் கதவை அடைத்தது. ஆனால் 1972 சட்டத்தின் 17ஆம் பிரிவை ஒருமுறை படிக்க வேண்டும். வண்டியிலிருந்து சுடக்கூடாது, இரவில் கூடாது, உப்பு நக்க வரும் இடத்திலும் நீர்த்துறையிலும் கூடாது. பெரிய விலங்கை ரைபிள் தவிர வேறெதாலும் சுடக்கூடாது. தனி அனுமதி இருந்தால் மட்டும் ஷாட்கன்னில் ஒற்றைக் குண்டு போடலாம். ரவைக்கு இடமே இல்லை.

இதை நான் மாமாவிடம் வாசித்துக் காட்டியது 1984இல். கேட்டுவிட்டு, "எட்டு வருஷம் முன்னாடி போட்டிருக்கலாமேடா" என்றார். கணக்கில் அவர் புலிதான். 1972இலிருந்து எட்டைக் கழித்தால் 1964.